எட்டை ஒன்பதாக்கிய சுண்ணாம்பு

அப்பு,

எப்போது உனக்கு எழுதினாலும் தாளின் தலையில் முருகன் பேரை எழுதிவிட்டுத்தான் உன் சளி, இருமல், சாப்பாடு எல்லாம் விசாரிப்பேன். இன்றைக்கு அந்த இடத்தைச் சும்மா விட்டிருக்கிறேன். நான் செய்ததற்கு அவனைச் சாட்சி கூப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ இதைப் படித்துவிட்டு மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடாதே. பொள்ளாச்சியில் உன்னோடு அறையில் தங்கியிருக்கிற பிள்ளைகள் கேட்டால் வாசித்துக் காட்டு. நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிறவளுக்கும் காட்டு. பிள்ளை வளர்க்கிற யார் கையில் இது கிடைத்தாலும் எனக்குச் சம்மதம்தான். மூடி மூடி வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

விஷயம் என்னவென்றால், போன வாரம் தரகர் வந்தார். வேடசந்தூரில் பெண் வீட்டார் தை மாதக் கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று யோசிக்கிறார்களாம். தள்ளிப்போடுவது என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெண், கமலா, பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமானதும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்கிறாரே, பார்த்தால் அப்படிப்பட்ட ஆளாகத் தெரியவில்லையே என்று அந்தப் பெண் முகம் வாடிப் போயிருக்கிறதாம். நீ எங்கே சொன்னாய்? சொன்னவள் நான். "எங்க பையனுக்கு வேலைக்குப் போற பொண்ணு ஒத்துவராது" என்று தரகரிடம் உன் பேரில் சொன்னேன். என் பேரில் சொன்னால், வருவதற்கு முன்பே மாமியார் அதிகாரமா என்பார்கள். உன் பேரில் சொன்னால் மறுபேச்சு இருக்காது. நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அப்பா அதை உன்னிடம் கேட்டபோதுதான் உனக்கே அது தெரியும். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். நான் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைப்பதுபோலக் குனிந்துகொண்டேன். "ஆமாங்க, நான்தான் சொன்னேன்" என்றாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்த "நான்தான்" என்பதை எனக்காக நீ முன்னாலும் சொல்லியிருக்கிறாய். அதை நினைத்துத்தான் இந்தக் கடிதம். போன தடவை உன் வேகன் வேலை கெட்டது. இப்போது உன் கல்யாணமே கெடப் பார்க்கிறது.

நீ சின்னதாக ரயில் வேகன் செய்ய ஆரம்பித்தபோது எனக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்காகச் சேர்ந்த பிள்ளை, சம்பளம் வாங்குகிற ஆள், சாயங்காலம் வந்தால் தேயிலைப் பெட்டிப் பலகையையும் தகரத்தையும் வைத்துக்கொண்டு உட்காருகிறானே என்று வெட்கப்பட்டேன். எதிர்வீட்டுக்காரி கேட்டபோது, சாமிக்குச் சின்னதாக ஒரு தேர் செய்கிறான் என்றுகூடச் சொல்லி வைத்தேன். வெள்ளைக்கார ரயில் கம்பெனி காலத்து வேகன்களை ஒவ்வொன்றாகக் கழித்து உடைக்கிறார்கள், உடைத்த பிறகு அது எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது என்று நீ சொன்னாய். உடைத்தால் இரும்புக்கு ஆகும், நமக்கு என்ன என்று நினைத்தேன். உன் பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். "வேகன் என்னமோ செத்துப்போச்சு, ஒம்மவன் இப்பத்தான் அதுக்குச் சாதகம் கணிக்கிறான்" என்று வெங்காய மண்டியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்தார். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய்.

ஆனால் உன் பக்கத்தில் உட்கார்ந்து வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கும்போது பார்த்துக்கொண்டே இருப்பேன். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, நிஜ வேகனை ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுருக்கிவிடுவாய். ஈயத்துண்டின்மேல் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமிருந்து ஊசியை வைத்துத் தட்டுவாய். முன்பக்கம் கடுகை ஒட்டி வைத்ததுபோலப் புள்ளி புள்ளியாக எழும்பும். தகடுகளைச் சேர்த்து அடிக்கிற ஆணித்தலை, அதுதான் ரிவெட்டு என்றாய். கதவுக் கொண்டிக்கு, பூட்டுப் பட்டறையில் கழித்துப் போட்ட பித்தளையை அரத்தால் ராவி எடுப்பாய். ஒருநாள் நான் ஆசையாக, "அப்பு, கதவு மேல சின்னதா ஒரு வேல் போட்டுடேன், பாக்க லெச்சணமா இருக்கும்" என்றேன். நீ தலையை நிமிர்த்தாமலே, "நெச வேகன்ல வேல் இல்லையே பெரியம்மா" என்றாய். "முருகன் எல்லாத்துலயும் இருக்கான்டா" என்றேன். "இருக்கட்டும். ரிவெட்டுக்குப் பின்னால இருக்கட்டும்" என்றாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இல்லாத ஒரு புள்ளியை நீ வைக்கமாட்டாய், இருக்கிற ஒன்றை விடவும் மாட்டாய் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கூரையும் கதவும் வைத்த அந்த மூடு வேகனை நீ முடிக்கும் சமயத்தில்தான் உன் ஜாதகத்தைக் கையில் எடுத்தோம். அஷ்டமச் சனி நடக்கிறது, வரன் பேச்சை மெதுவாகத்தான் தொடங்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். நான் சனிக்கிழமை விரதம் பிடித்தேன், எள் விளக்குப் போட்டேன், காக்கைக்குச் சோறு வைத்தேன். இத்தனையும் செய்துவிட்டு வீட்டுக்குள் வந்து பார்த்தால், மேசைமேல் உன் வேகன் நிற்கிறது. பக்கவாட்டில் நீ வெள்ளையில் எழுதியிருந்த நம்பர் எட்டில் முடிகிறது. எட்டு சனிக்கு உரிய எண் இல்லையா? வெளியே நான் சனியை விரட்டிக்கொண்டிருக்கிறேன், உள்ளே இந்தப் பிள்ளை அவனுக்குச் சக்கரம் கட்டி நிறுத்தி வைத்திருக்கிறானே என்று தோன்றியது. உன்னிடம் கேட்டால் மாற்றமாட்டாய். நீ வேலைக்குப் போன பிறகு, வேகனின் செங்காவி நிறத்துக்கு ஒத்துப்போகும் என்று, கோலத்துக்குக் கரைத்த காவியை ஈர்க்குச்சியில் தொட்டு எட்டின் கீழ்ச்சுழியில் இடதுபக்கத்தை மறைத்தேன். பாதி அழிந்து கோணலாக நின்றது. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வாலை இழுத்துவிட்டேன். ஒன்பது ஆகிவிட்டது. நான்கு வீடு தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேகனைப் பார்க்கிறவர்கள் நான்கு வீடு தள்ளி நின்றா பார்ப்பார்கள்?

அன்று சாயங்காலமே அந்தோணிசாமி ஐயா வருவார் என்று எனக்குத் தெரியாது. நீயும் எதிர்பார்க்கவில்லை. ரயில் வண்டிகளைத் தட்டிப் பார்த்துச் சோதிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், வேகன்களின் பழைய வரைபடங்களைச் சுருள் சுருளாக வைத்திருக்கிறார், அதைப் பார்த்தால்தான் அடிச்சட்டத்தையும் பிரேக் கம்பிகளையும் முதன்முதலில் எப்படிப் பூட்டினார்கள் என்று தெரியும் என்று பல நாளாக அவர் பின்னாலேயே அலைந்தாய். "ஒம்ம வேலையைப் பார்த்துட்டுத்தான் தருவேன்" என்று சொல்லியிருந்தார். வந்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வேகனைக் கையில் ஏந்தி, குழந்தைக்குக் காது குத்திய இடத்தைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கூரை வளைவைத் தடவினார். அப்புறம் நம்பர் பக்கம் வந்தார்.

"இது மூடு வேகன்தான தம்பி?"

"ஆமா சார்."

"இந்த வரிசை எட்டோட முடிஞ்சுபோச்சு. ஒம்பதுலருந்து மாடு ஏத்துற வண்டி. பக்கமெல்லாம் கம்பி அடைப்பு. இதுல என்ன ஒம்பதுன்னு போட்டிருக்கு?"

நீ குனிந்து பார்த்தாய். உடனே புரிந்திருக்கும் உனக்கு. காபியோடு நின்றுகொண்டிருந்த என் விரல் நுனியில் காவி இன்னும் போகவில்லை. அவர் கட்டைவிரலால் நம்பரை லேசாகத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். "இதை யாரு எழுதுனது?" என்று மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊரில் எல்லார் விஷயத்துக்கும் திறக்கிற வாய். "நான்தான் சார். கவனக்குறைவு" என்றாய் நீ. அவர் வேகனை மேசைமேல் வைத்தார். காபியைக் குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார், கிளம்பினார். சுருளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் கேட்கவில்லை. நான் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனவள், நீ வந்து திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ வந்து, "பெரியம்மா, பசிக்குது" என்றாய். திட்டியிருந்தால் இத்தனை நாள் என்னால் இதை மறந்து திரிந்திருக்க முடியுமா?

அதற்குப் பிறகு நீ தகரத்தைத் தொடவே இல்லை. மாற்றல் வந்தது, போய்விட்டாய். கல்யாணம் கூடி வருகிற நேரத்தில் பிள்ளைக்கு விளையாட்டுப் புத்தி போய்விட்டது, எல்லாம் அந்த ஒன்பதின் ராசி என்று நான் கோயிலில் சிதறுகாய் உடைத்தேன். இதை உன்னிடம் மறைத்துவிடலாம்தான். ஆனாலும் எழுதத்தான் வேண்டும், உடைத்தேன்.

தரகர் வந்துவிட்டுப் போன மறுநாள் உன் பெரியப்பாவிடம்கூடச் சொல்லாமல் அந்தோணிசாமி ஐயா வீட்டைத் தேடிப் போனேன். மாதாகோயிலுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் வீடு. அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். "ஐயா, அந்த நம்பரை மாத்துனது எம்மகன் இல்ல. நான்தான். சனி தோஷம்னு பயந்து செஞ்சுட்டேன். நீங்க அவனைத் தப்பா நெனைச்சு அந்தப் படத்தைக் குடுக்காமப் போயிட்டீங்க."

அவர் கீரையை முறத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "உக்காருங்கம்மா. நீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா?"

"பெயிண்டா, வெத்தலைச் சுண்ணாம்பான்னு தெரியாதா எனக்கு? எங்க வீட்லயும் வெத்தலை போட்ட அம்மா ஒண்ணு இருந்துச்சு. காபி தம்ளர்ல ஒங்க காவி விரல் அச்சு வேற."

"அப்புறம் ஏங்க ஐயா ஒண்ணும் சொல்லாமப் போனீங்க?"

"அதுக்குத்தான் கேட்டேன், யாரு எழுதுனதுன்னு. எங்க பெரியம்மா தெரியாம செஞ்சுட்டாங்க சார்னு அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே சொல்லியிருந்தா, மறுநாளே படத்தைக் கொண்டாந்து குடுத்திருப்பேன். சுண்ணாம்பத் துடைக்க எம்புட்டு நேரம் ஆகப்போகுது? ஆனா அவரு தான் எழுதுனதாச் சொன்னாரு. நான் என்ன நெனைக்கிறது? பெரியவங்க மனசு நோகுமேன்னு இன்னைக்கு ஒண்ணை மாத்திச் சொல்றவரு, நாளைக்கு அதிகாரி மனசு நோகுமேன்னு ஒண்ணை மாத்த மாட்டாரா? வண்டியெல்லாம் ஒடைச்சுட்டாங்கம்மா. இனிமே அவரு செஞ்சு வச்சதுதான் வண்டி. அதைப் பார்க்கிறவன் நம்பணும்ல?"

"எம்மேல உள்ள விசுவாசத்துல சொல்லிட்டான் ஐயா. தாயில்லாப் பிள்ளை. நான் எடுத்து வளத்தேன்" என்றேன். வழக்கமாகச் சொல்கிறபடிதான் வந்தது வாயில்.

"அதை அடிக்கடி சொல்லுவீங்களோ?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

அப்பு, அடிக்கடி சொல்வேனா? உன் அம்மா, என் கூடப் பிறந்தவள், உன்னைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். குழாயடியில் சொன்னேன், பழனி யாத்திரையில் முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னேன், உன் வாத்தியாரிடம் சொன்னேன். உன்னை மடியில் வைத்துக்கொண்டே சொன்னேன். எல்லாரும் உச்சுக் கொட்டி, எம்புட்டுப் புண்ணியம் என்பார்கள். எனக்குக் குளிர்ந்துபோகும். நீ கேட்டுக்கொண்டே வளர்ந்தாய். கன்னிவாடிச் சந்தையில் நான் சில்லறையைத் தொலைத்துவிட்டு வந்தபோது, உன் பெரியப்பா கத்த ஆரம்பித்ததும், "நான்தான் வாங்கித் தொலைச்சேன்" என்றாய். அரைக்கால் சட்டை போட்ட வயது. அடி வாங்கினாய். உன்னைக் கட்டிப்பிடித்து, என் தங்கம் என்றேன். அப்போதே உன் பெரியப்பாவிடம் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ இதைப் பழகியிருக்க மாட்டாய். உன்னை வளர்த்தேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னேனே, எதை வளர்த்தேன் என்று அந்தச் சந்திலிருந்து நடந்து வரும்போதுதான் தெரிந்தது.

படச் சுருள் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டு, கொடுங்கள், நான் அனுப்பி வைக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "ஒங்ககிட்ட குடுக்க மாட்டேன்மா. அவரு வரட்டும்" என்றார். முருங்கைக்கீரை மட்டும் ஒரு கட்டு கொடுத்தார்.

மறுநாள் காலையில் வேடசந்தூருக்குப் பஸ் ஏறினேன். மில்லுக்குப் போகிற பெண்பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு, தூக்குவாளியும் கையுமாக, சத்தமாகச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். வேலைக்குப் போகிற பெண் வீட்டுக்கு அடங்கமாட்டாள் என்று நினைத்தவள் நான். அவர்களில் ஒருத்திதான் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை என்பதை மறந்துபோய்க் கிளம்பிவிட்டேன். கமலா பள்ளிக்கூடத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வரும்வரை அவள் அப்பாவோடு மழையைப் பற்றியும் கடலை விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். அவள் சுண்ணக்கட்டி அப்பிய கையோடு வந்து, "வாங்க அத்தை" என்றாள். கையைக் கழுவக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தரகரிடம் சொன்னது நான், நீ இல்லை. நிச்சயதார்த்தத்தில் நீ சொன்னது என்னைக் காப்பாற்ற. வேகன் கதையையும் சொன்னேன், சுண்ணாம்பு உட்பட. அவள் அப்பா மேல்துண்டால் வாயை மறைத்துக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"வேலைய விடணும்னு அவருக்கு எண்ணமே இல்லையா?" என்று கேட்டாள்.

"அவங்கிட்ட நான் கேக்கவே இல்லை தாயி."

"சரிங்க அத்தை. ஒங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னாரு. நல்ல குணம்தான். ஆனா நாளைக்கு அவரு எங்கிட்ட ஒண்ணு சொன்னா, அது அவரு பேச்சா, ஒங்க பேச்சான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"பாப்பா, பெரியவங்ககிட்ட இப்படியா கேக்குறது?" என்றார் அவள் அப்பா.

"கேக்காம இருந்துதானப்பா இம்புட்டுத் தூரம் வந்திருக்கு. அன்னைக்கு நானும் அவரை நேராக் கேக்கலையே" என்றாள்.

அந்தோணிசாமி ஐயாவும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன் என்று நினைத்துத்தான் போனேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். சாப்பிட்டேன். மணி அடிக்கப் போகிறது என்று அவள் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். போகும்போது வாசலில் நின்று, "அத்தை, அவரையே வரச் சொல்லுங்க. வேலைக்குப் போன்னு சொன்னாலும் சரி, வேணாம்னு சொன்னாலும் சரி, அவரு வாயால கேக்கணும் எனக்கு. அப்புறம் தைக்குள்ளயா, தள்ளிப்போடவான்னு பாப்போம்" என்றாள்.

லீவு போட்டுவிட்டு வா. முதலில் வேடசந்தூருக்குப் போ, அப்புறம் மாதாகோயில் சந்துக்குப் போ. நான் இரண்டு இடத்துக்கும் கூட வரமாட்டேன். வந்தால் குறுக்கே பேசுவேன். கமலாவிடம் உன் மனதில் என்ன இருக்கிறதோ அதைச் சொல். எனக்கே அது என்னவென்று தெரியாது, அது வேறு ஒரு வெட்கம். புத்தி சொல்கிற வயதும் தகுதியும் எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் நான் ஏதாவது செய்வேன். சாமியைச் சொல்லிச் செய்வேன், ஜாதகத்தைச் சொல்லிச் செய்வேன், உன் நன்மைக்கு என்று சொல்லிச் செய்வேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒரே வாரத்தில் யாரும் திருந்திவிடுவதில்லை. அன்றைக்கு உன் பெண்டாட்டி, இதைச் செய்தது யார் என்று கேட்டால், பெரியம்மாதான் என்று சொல். நான் பக்கத்தில் நின்றாலும் சொல். நான் அழுவேன், சாப்பிடாமல் படுத்துக்கொள்வேன், தாயில்லாப் பிள்ளையை வளர்த்தேனே என்று பழைய பாட்டை எடுத்தாலும் எடுப்பேன். படுத்திருக்கட்டும் என்று விட்டுவிடு. பசித்தால் நானே எழுந்து வந்து சாப்பிடுவேன்.

உன் பெரியம்மா